பிள்ளையார்பாளையத்தில் ஆறு நிமிடம்

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குச் செய்யாறு பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டி ஏறினோம். முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய். கூட வந்தவள் தேன்மொழி. இருவரும் ஒரே அரசுப் பள்ளியில் வேலை செய்கிறோம். நான் தமிழாசிரியை, அவள் உடற்கல்வி ஆசிரியை. எனக்குப் பிறவியிலிருந்து பார்வை கிடையாது. ஓடும்போது ஒரு முழக் கயிற்றின் ஒரு முனை என் மணிக்கட்டிலும் மறு முனை அவள் மணிக்கட்டிலும் இருக்கும். வளைவையும் பள்ளத்தையும் அவள் சொல்லிக்கொண்டே வருவாள், நான் ஓடுவேன்.

ஞாயிறு காலை காஞ்சியில் பத்து கிலோமீட்டர் பொது ஓட்டம். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். முந்நூற்றைம்பது ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்திருந்தேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் உண்டு. போன ஆண்டு வேறோர் ஊரில் இதே தூரம் ஓடினேன். பதக்கம் போட்டார்கள், கைதட்டினார்கள், சான்றிதழில் ‘பங்கேற்றார்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், “எத்தினியாவதா வந்தம்மா?” அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை ஒவ்வொரு பரீட்சைக்கும் அவர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். ஒவ்வொரு முறையும் நான் ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்ல எண் இல்லை. இந்த முறை காஞ்சியிலிருந்து ஓர் எண்ணோடுதான் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டுதான் வண்டி ஏறினேன்.

மூன்றே முக்காலுக்குக் காஞ்சிபுரம். ஓட்டத்துக்கான எண் அட்டை கொடுக்கும் கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் தேன்மொழியிடம், “அவங்க எங்க எறங்கணும்?” என்றார்.

“அவங்களையே கேளுங்கண்ணே, பக்கத்துலதான இருக்காங்க” என்றேன் நான்.

அவர் சிரித்துவிட்டார். “தப்பா எடுத்துக்காதம்மா. சரி, ஊர உனக்கே சொல்லிக்கினு வரேன். ரைட்டுல பட்டுக்கட. லெஃப்ட்டுல பட்டுக்கட. நேரா போனாலும் பட்டுக்கடதான். நடுவுல கோயிலு.”

எண் அட்டையை மண்டபத்தின் முதல் மாடியில் கொடுத்தார்கள். இருபத்திரண்டு படி, நான் எண்ணினேன். கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் கத்திக்கொண்டிருந்தான். “அண்ணே, ‘எல்லாரும் வாங்க’ன்னு போர்டு வெச்சிங்களே, அதுக்குக் கீழ ‘மாடி ஏறி வாங்க’ன்னு எழுத மறந்துட்டிங்களே!” அவன் பெயர் சாதிக். ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். சக்கர நாற்காலியில் பத்து கிலோமீட்டர் போக வந்திருந்தான். அவன் அட்டையையும் நானே வாங்கி வந்து கொடுத்தேன். “டீச்சர், இனிமே எனக்கு எது மாடில இருந்தாலும் ஒங்களதான் அனுப்புவேன்” என்றான்.

மாடியில் ஓட்டக் குழுவின் செயலாளரோடு எனக்குக் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. மற்ற ஓட்டக்காரர்களை ஐந்தே முக்காலுக்கு விடுவார்களாம். எங்களைப் போன்ற மாற்றுத்திறனாளிகளை இருபது நிமிடம் கழித்து விடுவார்களாம். “நெரிசல்ல யாராவது இடிச்சிட்டா பாவம்மா. சேஃப்டிக்குத்தான் சொல்றோம்.”

“எங்களோட பிராக்டீஸே பஸ் ஸ்டாண்டு ரோட்டுலதான் சார். இடிக்கறவங்க இல்லாமதான் எங்களுக்கு ஓடத் தெரியாது.”

அவர் மசியவில்லை. கடைசியில் எங்கள் நேரத்தை எங்கள் புறப்பாட்டிலிருந்து கணக்கிடுவதாக ஒப்புக்கொண்டார். தொண்ணூறு நிமிடத்துக்குள் முடிவுக் கோட்டில் விரித்த பாயைத் தாண்டினால், எண் அட்டையில் உள்ள சில்லு வழியாக நேரம் பதிவாகும். பெண்கள் பட்டியலில் என் பெயர் வருமா என்றதற்கு, “பாக்கலாம்மா” என்றார்.

அன்றிரவு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எழுநூறு ரூபாய் அறை. சாப்பாட்டுக்குக் காஞ்சிபுரம் இட்லி. மிளகும் சுக்கும் நாக்கில் இதமாக ஏறின. ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டோம்.

ஞாயிறு, காலை ஐந்தே முக்கால். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளி மைதானம். வெடிச் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஆயிரக்கணக்கான காலடிகள் எங்களைத் தாண்டிப் போயின. அந்தச் சத்தத்துக்குள் இருக்கத்தான் நான் பணம் கட்டியிருந்தேன். கடைசிக் காலடியும் தேய்ந்த பிறகு நாங்கள் ஒன்பது பேர் நின்றிருந்தோம். பத்து கிலோமீட்டருக்கு வந்தது சாதிக்கும் நாங்களும்தான், மற்றவர்களுக்குக் குறைந்த தூரம். ஆறு ஐந்துக்கு ஒருவர் விசில் ஊதினார்.

பாதை எளிது. திருப்புட்குழி போகும் சாலையில் நாலரை கிலோமீட்டர் போய்த் திரும்பி, பிள்ளையார்பாளையம் வழியாக மீண்டும் மைதானம். சாலை நல்ல தார். இடது பக்கம் வயல் ஈரம், வலது பக்கம் லாரிச் சூடு. தண்ணீர் மேசையருகே நின்ற பெண் என்னைப் பார்த்ததும், “அக்கா, ஒங்க வலது கைக்கு நேரா டம்ளர்” என்று சொன்னாள். அப்படிச் சொல்ல யார் கற்றுக்கொடுத்தார்களோ, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தேன். ஐந்தாவது கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் தொட்டோம். எட்டாவது கிலோமீட்டருக்கு அறுபத்து மூன்று நிமிடம். மூச்சு சீராக இருந்தது. இதே வேகத்தில் போனால் எழுபத்தொன்பது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவுக்குள் திரும்பியதும் சோற்றுக் கஞ்சியின் வாசனை அடித்தது. தேன்மொழி கயிற்றைச் சுண்டி இழுத்தாள். “நில்லுடீ! தெரு முழுக்கப் பாவு!”

காஞ்சியில் இது தினசரி வேலை. சேலை நெய்வதற்கான நீள இழைகளைப் பாவு என்பார்கள். வெயில் ஏறுமுன் அதற்குக் கஞ்சி போட்டு, கவட்டுக் குச்சிகள் மேல் தாங்கி, தெருவின் நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். இருபுறமும் ஆட்கள் நின்று அறுந்த இழைகளை ஒட்டுவார்கள். எனக்கு முன்பே வந்து சேர்ந்த சாதிக் அங்கேதான் நின்றிருந்தான். “வாங்க டீச்சர். டிராஃபிக் ஜாம். பட்டு டிராஃபிக்.”

ஒரு பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அவள்தான் குமுதா அக்கா, அந்தப் பாவுக்குச் சொந்தக்காரி. “அய்யய்யோ, எல்லாரும் பூட்டாங்கன்னு நென்ச்சிக்கினு போட்டுட்டோம்மா! பச்சக் கொடி கட்டின வேன் போச்சின்னா ஓட்டம் முடிஞ்சிதுன்னு சொன்னாங்க. அதுக்கோசரம்தான் விடிஞ்சும் காத்துக்கினு இருந்தோம். வேன் போயி பத்து நிமிசம் ஆச்சே!”

எனக்கு விளங்கிவிட்டது. அந்த வேன் பொதுக் கூட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் போயிருக்கிறது. எங்களை இருபது நிமிடம் கழித்து விட்டதை வேனுக்கும் சொல்லவில்லை, இந்தத் தெருவுக்கும் சொல்லவில்லை. பாதுகாப்புக்காகத் தனியாக விடப்பட்ட நாங்கள் ஓட்டத்துக்கே வெளியில் நின்றோம்.

பாவுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கிப் போகலாம். சக்கர நாற்காலி போகாது.

“நீங்க போங்க டீச்சர். ஒங்க டைம் போவுது” என்றான் சாதிக்.

“நீ இல்லாம போனா நாளைக்கு எனக்கு மாடியில எவன்டா வேல கொடுப்பான்?”

குமுதா அக்கா முடிவெடுத்துவிட்டாள். “பாவ அவுக்க நேரம் இல்ல. நவுத்துவோம். யாரும் முன்ன பின்ன தூக்காதீங்க, நடுவுல தொங்கிச்சின்னா இழ பூடும். எல்லாரும் ஒரே மூச்சுல. ஒண்ணு, ரெண்டு, தூக்கு!” பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். குச்சிகள் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுந்து ஒரே நேரத்தில் இறங்கின. மறுபடி ஒருமுறை. மறுபடி ஒருமுறை. மூன்றாவது முறை சாதிக்கின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

“அம்மாடி, கைய ஒடம்போட ஒட்டி வெச்சிக்கோ. வேர்வ பட்டா பட்டு கற ஆயிடும்.” கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, தேன்மொழியின் பின்னால் தெருவின் முழு நீளத்தையும் நடந்தேன். தொடக்கூடாத அந்தப் பட்டின் ஈரக் குளிர்ச்சி மட்டும் என் இடது கையோரமாகவே வந்தது.

தெரு முனையில் தேன்மொழி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிடம் போயிருந்தது.

அப்போதுதான் குமுதா அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். “இங்கயே வேன் போச்சின்னு பாவு போட்டுட்டோம். அங்க முடிக்கற கோட்ட மட்டும் ஒங்களுக்காவ வெச்சிக்கினு இருப்பாங்களா?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “யோவ்! வண்டிய எடு! அந்தக் கோட்ட சுருட்ட வுடாத!” அவள் வீட்டுக்காரரின் டி.வி.எஸ். எங்களைத் தாண்டிப் பறந்தது.

மீதி இரண்டு கிலோமீட்டரை எப்படி ஓடினேன் என்று விவரிக்க மாட்டேன். நன்றாக ஓடினேன்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது ஒலிபெருக்கி இல்லை. நாற்காலிகளை மடக்கும் சத்தம்தான் கேட்டது. தேன்மொழி ஓடிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். “ஏய், கோகிலா, டைம் பதியற பாய அந்த டி.வி.எஸ். ஆளு சுருட்ட வுடலடீ. லுங்கியோட அதும்மேலயே சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கான்!”

“இன்னும் ஆளு வருது, இன்னும் ஆளு வருது” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு, “வந்தாச்சி! வாம்மா, வா!” என்று எழுந்து வழி விட்டார். சாதிக் உருண்டு போனான், ஒரு ‘பீப்’. அடுத்து என் பாதத்தின் கீழ் பாய், என் ‘பீப்’. எண்பத்தைந்து நிமிடம்.

செயலாளர் வந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். “எங்க தப்புதாம்மா. வழியில ஆறு நிமிஷம் நின்னீங்களாமே, அதக் கழிச்சிடறேன்.”

“தண்ணி குடிக்க நின்னவங்களுக்குக் கழிச்சிங்களா சார்?”

“இல்ல…”

“அப்ப எனக்கும் வேணாம். ரோட்டுல என்ன இருந்துதோ அதுவும் சேர்ந்துதான் என் டைம். நான் கேக்கறது ஒண்ணுதான். எண்பத்தஞ்சுன்னு பொண்ணுங்க லிஸ்ட்டுல போடுங்க.”

டி.வி.எஸ். அண்ணன் தன் பங்குக்கு, “போடுங்க சார், அதுக்குத்தான ஓடிச்சி” என்றார். செயலாளர் மேசைக்குப் போய் என் எண்ணைச் சொல்லும் குரல் கேட்டது. திரும்பி வந்து, “அடுத்த வருஷம் ஒங்களத்தான் மொதல்ல விடுவோம்” என்றார்.

“மொதல்லயும் வேணாம் சார். எல்லாரோடவும் விடுங்க. வேனையும் எங்க எல்லாருக்கும் பின்னாடி விடுங்க.”

சாதிக்குக்குத் தனிப் பட்டியல். சக்கர நாற்காலியில் வந்தவன் அவன் ஒருவன்தான். “நான்தான் ஃபர்ஸ்ட்டு, நான்தான் லாஸ்ட்டு. அடுத்த தடவ எவனயாவது கூட்டிக்கினு வந்து தோக்கடிக்கணும்” என்று சொல்லிவிட்டு ஏனாத்தூருக்குக் கிளம்பினான்.

பதினொன்றரை மணிக்குச் செய்யாறு வண்டி. பாலாற்றுப் பாலத்தில் காற்று மாறியபோது கைப்பேசிக்குப் பட்டியல் வந்தது. படித்துக் காட்டும் குரலை வேகமாக ஓட விட்டேன். பெண்கள், பத்து கிலோமீட்டர். பெயர்கள் ஓடின. என் பெயர் வந்தது. நிறுத்தாமல் அதன் பின்னாலும் பெயர்கள் வந்தன.

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவிலும் ‘சிறப்புக் குழந்தைகள்’ போட்டியை எல்லாம் முடிந்த பிறகு, பந்தல் பிரிக்கும்போதுதான் வைக்கிறோம். காஞ்சியைக் குறை சொல்லிவிட்டு அதைச் சொல்லாமல் விடக்கூடாது. “இந்த வருஷம் மாத்தறோம்” என்றேன். “மாத்தறோம்” என்றாள் தேன்மொழி. விழாவை நடத்துகிறவள் அவள்தான்.

செய்யாறு பேருந்து நிலையத்தில் அப்பா காத்திருந்தார். பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எத்தினியாவதா வந்தம்மா?”

“நூத்தி இருபத்தேழுப்பா.”

“எத்தினி பேர்ல?”

“நூத்தி முப்பத்தினாலு.”

எழுதப் படிக்கத் தெரியாத அப்பா ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “அப்ப ஏழு பேரு ஒனக்குப் பின்னாடி” என்றார்.