ஜீப்புக்கு ஒரு வின்ச் தேடிப் பம்பாய்க்கு

1965 அக்டோபர் 21. கல்வராயன் மலை, பெரிய ஓடை. தாசில்தாரின் அறிக்கையில் உள்ளபடி:

மாலை 4.20. மலை மருந்தகத்தின் ஜீப் ஓடையின் நடுவே நின்றது. இன்ஜினில் தண்ணீர் புகுந்தது. வண்டியில் ஓட்டுநர், பெண் மருத்துவர், நடக்க இயலாத நோயாளி ஒருவர்.

4.30. ஓட்டுநர், ஆள் அழைத்துவர இரண்டு மைல் தொலைவிலிருந்த ஊருக்குப் போனார். மருத்துவர் நோயாளியுடன் வண்டியில் தங்கினார்.

5.05. மேல்மலையிலிருந்து வெள்ளம் இறங்கியது. எதிர்ச்சரிவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பார்த்தார்.

5.40. ஓட்டுநர் எட்டுப் பேருடன் திரும்பினார். ஓடையில் வண்டி இல்லை.

மருத்துவர் என் மகள். வயது முப்பத்தொன்று.

அந்த ஓடையைக் கடந்தால்தான் மேலே உள்ள பதினொரு ஊர்களுக்கும் போக முடியும். புதிய மருத்துவர் ஜூன் மாதம் வருகிறார்; மருந்தகத்துக்கு வேறொரு பழைய ஜீப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் சிக்கினால் வெளியேற வழி செய்யாமல் வண்டி இனி மலையேறாது என்று மருந்தகக் குழு தீர்மானம் எழுதியது. அதற்கு வழி, வின்ச். கம்பிக் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் கட்டி, மறுமுனையை வண்டியின் முகப்பிலுள்ள உருளையில் சுற்றினால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும். சென்னையில் விசாரித்தபோது சொன்ன விலை குழுவுக்குக் கட்டாது. பம்பாயில் இராணுவம் ஏலம் விட்ட சாமான்களில் கிடைக்கும் என்றார்கள். குழு தொள்ளாயிரம் ரூபாய் வரை அனுமதித்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் என்பதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் கேட்டுப் பெற்றேன் என்பதே சரி.

1966 பிப்ரவரி 12, மாலை. சேலத்தில் புறப்பட்டு, அரக்கோணத்தில் பம்பாய் வண்டி ஏறினேன். மொத்தம் சுமார் 1,475 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்பு. பையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஜீப்பின் எடை, ஏற்றும் சுமை, கரையின் சரிவு, சேற்றின் பிடிப்பு ஆகியவற்றைக் கொண்டு நான் போட்ட கணக்கு. தேவையான இழுவிசை இரண்டேகால் டன் என்று வந்திருந்தது. குண்டக்கல்லுக்கு அப்பால் எதிரே அமர்ந்திருந்த பெரியவர், "பம்பாய்ல பையன் இருக்கானா?" என்று விசாரித்தார். ஒரு சாமான் வாங்கப் போவதாகச் சொன்னேன். அவர் தம் மூன்று பையன்களின் சம்பளங்களையும் ஷோலாப்பூர் வருவதற்குள் சொல்லி முடித்தார்.

பிப்ரவரி 14, காலை 5.50. தாதரில் இறங்கினேன். என் மனைவியின் தம்பி சங்கரன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். மாதுங்காவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறான். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. டாக்சியில் ஒன்றே முக்கால் மைல். தெருவில் பூக்கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன.

"அக்கா எப்படி இருக்கா?"

"இருக்கிறாள்."

பிறகு சங்கரன், "நான் இன்னிக்கும் நாளைக்கும் லீவு போட்டுட்டேன், அத்திம்பேர். விலை பேசறதை எங்கிட்ட விட்டுடுங்கோ. நீங்க பேசினா ரெண்டு ரூபாய் சேர்த்துக் குடுத்துட்டு வருவேள்" என்றான். அது உண்மைதான்.

முற்பகல் 11 மணி. மாதுங்காவில் ரயிலேறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினோம். நிலையத்திலிருந்து கால் மைல் தூரத்தில், துத்தநாகத் தகடு வேய்ந்த ஒரு கொட்டகை. உள்ளே பச்சை வண்ணம் பூசிய பழைய இராணுவச் சாமான்கள். கடைக்காரர் பொன்னையா சாத்தான்குளம் பக்கத்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு முதல் இந்த வியாபாரம்.

அவரிடம் நான் தேடி வந்ததே இருந்தது. ஜீப்பின் முகப்பில் பொருத்தும் உருளை வின்ச். இன்ஜினிலிருந்து ஒரு தண்டு வழியாகச் சுற்றுவது. எழுபத்தைந்து அடிக் கம்பிக் கயிறு. இழுவிசை, ஐயாயிரம் பவுண்டு. என் கணக்கில் வந்த இரண்டேகால் டன்னுக்கும் அதற்கும் நாற்பது பவுண்டுதான் வித்தியாசம். ஆசிரியனாக இருந்தவனுக்கு விடை பொருந்துவதில் ஒரு நிம்மதி உண்டு.

பொன்னையா அதை ஒரு பழைய ஜீப்பில் மாட்டி இயக்கிக் காட்டினார். ஒரு கான்கிரீட் பாளம் தரையைக் கீறிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது.

"மிலிட்டரி மால், அண்ணாச்சி. பக்கா சாமான். இன்ஜின் ஓடுத வரைக்கும் மலையையே இழுத்துட்டு வரும்."

"எங்களுக்கு மலை வேண்டாம், ஜீப் வந்தாப் போறும்" என்றான் சங்கரன். "மலைக்கு உண்டான விலையைக் கழிச்சிண்டு சொல்லுங்கோ."

எண்ணூற்று ஐம்பதிலிருந்து எழுநூற்று எண்பதுக்கு இறங்கியது. பல்சக்கரங்களைத் திறந்து பார்த்தேன், தேய்மானம் குறைவு. வாங்குவதென்றே முடிவு செய்தேன். ஆனால் எங்கள் ஜீப்பின் முகப்புச் சட்டம் வேறு அமைப்பு; பொருத்துவதற்கு இரும்புத் தாங்கி ஒன்று செய்தாக வேண்டும். அதற்குத் தாராவியில் செல்லத்துரை என்பவரின் பட்டறைக்குப் போகச் சொன்னவரும் பொன்னையாவே.

பிற்பகல் 3.15. மாதுங்கா ரயில் பாதையைக் கடந்து மேற்கே நடந்தால் தாராவி. சங்கரன் அத்தனை ஆண்டுகளில் இரண்டாம் முறையாக அங்கே வருகிறானாம். தோல் பதனிடும் இடங்களின் வாடை சந்துக்குச் சந்து கூடியும் குறைந்தும் வந்தது. பட்டறை உவர்நிலத்தின் ஓரத்தில் இருந்தது. செல்லத்துரைக்கு நாற்பது வயதிருக்கும். நாங்குநேரிக்காரர். முன்பு கப்பல் துறையில் பாரம் ஏற்றும் பகுதியில் வேலை பார்த்தவர். தாங்கியின் அளவுகளை நான் வரைந்து வந்திருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கினார், பார்க்கவில்லை.

"வண்டி எப்படிச் சிக்கும், அய்யா? சகதியிலயா, தண்ணியிலயா?"

"தண்ணீரில். ஓடை நடுவில்."

"இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்குமா?"

"நின்றுவிட்டது. தண்ணீர் உள்ளே போய்விட்டது" என்றேன். அவர் கேட்டது வருங்காலம். நான் சொன்னது இறந்தகாலம்.

"நின்னுபோன இன்ஜின வச்சு இந்த வின்ச்ச எப்படிச் சுத்துவீக?"

அறிக்கையின் முதல் வரியிலேயே அது இருந்தது. நான்கு மாதங்களாக நாள்தோறும் படித்த வரி. இழுவிசையைப் பவுண்டு சுத்தமாகக் கணக்கிட்ட நான், அந்த விசை எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. முதலாண்டு மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

"பொன்னையா அண்ணாச்சி சாமானு நல்ல சாமானுதான்" என்றார் செல்லத்துரை. "சகதிக்கு அது ராசா. தண்ணிக்கு ஆவாது. தாங்கி செஞ்சு குடுத்தா எனக்கு நூறு ரூவா. ஆனா பொறவு நீங்க என்னைய ஏசப்படாது பாருங்க."

உள்ளே போய்ச் சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கிவந்தார். நாற்பது பவுண்டு எடையுள்ள இரும்புப் பெட்டி, நீண்ட கைப்பிடியுடன். கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் உள்ளே இரண்டு தாடைகள் கம்பிக் கயிற்றை மாறி மாறிக் கவ்வி இழுக்கும். ஒன்றரை டன் தாங்கும். இடையில் ஒரு கப்பி சேர்த்தால் மூன்று. இன்ஜின் வேண்டாம். கரையில் நின்றே ஓர் ஆள் இழுக்கலாம். அறுபது அடிக் கயிறு இரண்டு, கப்பி, பெட்டியைக் கட்டி நிறுத்தத் தரையில் அடிக்கும் ஆறு இரும்பு முளைகள், எல்லாம் சேர்த்து நானூற்று அறுபது ரூபாய்.

"ஓடை எம்புட்டு அகலம்?"

"நூற்றுப்பத்து அடி."

"அளந்தீகளா?"

"நில அளவை வரைபடத்தில் இருக்கிறது."

"கரையில மரம் உண்டுமா?"

"தெரியாது."

"மண்ணு? சரளையா, வண்டலா, வெறும் மணலா?"

"தெரியாது."

செல்லத்துரை சிரித்தார். "நல்லாருக்கே. பம்பாய் வரைக்கும் வந்திருக்கீக, அந்த ஓடைக்கு ஒரு எட்டுப் போய்ப் பாக்கலியா?"

சங்கரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைத் தொட்டு நிறுத்தினேன்.

"போன ஐப்பசியில் அந்த ஓடையில் என் மகள் இறந்துபோனாள். அதனால் போகவில்லை."

அதுவரை இந்தச் செய்தியைப் பிறரே எனக்காகச் சொல்லி வந்தார்கள். என் வாயால் சொன்னது அன்றுதான். செல்லத்துரை பெட்டியைத் தரையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேட்டது தப்பு, அய்யா" என்றார் பிறகு. "ஆனா மண்ணு தெரியாம முளை அடிக்க ஏலாது."

பிப்ரவரி 15, காலை 8.30. வாங்குவதற்கு முன் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். பட்டறைக்குப் பின்னால் சதுப்பில் ஒரு காலி லாரியை முன்சக்கரம் பாதி புதைய நிறுத்தியிருந்தார்கள். முளைகளை அடிக்கப் பன்னிரண்டு நிமிடமாயிற்று. கைப்பிடியை என்னிடம் தரும்படி சொன்னேன்.

"வேண்டாம், அத்திம்பேர். உங்களுக்கு அறுபத்துநாலு வயசு" என்றான் சங்கரன்.

புதிய மருத்துவரும் ஒரு பெண்ணே. அவருடைய கைக்கு எவ்வளவு பாரம் வரும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கைப்பிடியை ஒருமுறை தள்ளினால் கயிறு இரண்டங்குலம் வந்தது. கப்பி இருப்பதால் லாரி ஓர் அங்குலம். முதல் பத்துத் தள்ளல் வரை சக்கரம் அசைந்ததே தெரியவில்லை என்று சுற்றி நின்றவர்களுக்குத் தோன்றியிருக்கும். பிறகு சேறு வாய் திறந்து சக்கரத்தை விட்டது.

"ஏ செல்லத்துரை," என்று லாரியின் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவர் கத்தினார், "வாத்தியார் என் லாரிய சேலத்துக்கே இழுத்துட்டுப் போயிருவார் போலிருக்கே."

"போட்டும். உம்ம லாரி ஊர் பாத்து எம்புட்டு வருசமாச்சு?"

பத்து அடிக்கு ஆறு நிமிடம். நான் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கியது உட்பட. சங்கரன் விலையை நானூற்று முப்பதுக்குக் குறைத்தான். செம்பூருக்கு ஆள் அனுப்பிப் பொன்னையாவிடம் வேண்டாம் என்று சொன்னோம். அவர் வருத்தப்படவில்லை என்று செய்தி வந்தது.

மாலை. சங்கரன் தாதரில் வண்டியேற்றிவிட்டான். இரும்புப் பெட்டி இருக்கைக்கு அடியில். பம்பாயைப் பார்த்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள இயலாது; கடலைக்கூடப் பார்க்கவில்லை. கல்யாண் தாண்டியதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஓடையின் நடுவிலிருந்து கரை வரை ஐம்பத்தைந்து அடி, முப்பத்துமூன்று நிமிடம். முளை அடிக்கப் பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்தைந்து. வண்டி நின்றதற்கும் வெள்ளம் வந்ததற்கும் இடையே இருந்ததும் நாற்பத்தைந்தே. 5.05 என்பது கடிகாரம் இல்லாத மாடு மேய்ப்பவர் ஒருவர் சொன்ன நேரம். பன்னிரண்டு என்பது தாராவிச் சதுப்பின் கணக்கு. அந்தக் கரையின் மண் எனக்குத் தெரியாது. ஆகவே விடை எழுதாமல் நோட்டை மூடினேன். ஆனால் முளைகள் முன்கூட்டியே இரு கரைகளிலும் நிலையாக நடப்பட்டிருந்தால் பன்னிரண்டு நிமிடம் மிச்சம். அடுத்து அந்த வண்டியில் போகிறவருக்கு அது போதும்.

ஊருக்கும் பம்பாய்க்கும் வேற்றுமை என்ன என்று கேட்டால், ஒன்று சொல்வேன். சேலத்தில் நான்கு மாதங்களாக என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அது இரக்கம், நன்றியுடன் ஏற்றுக்கொண்டேன். தாராவியில் எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் அரைமணி நேரத்தில் பத்துக் கேள்விகள் கேட்டார். அவருக்கு இயந்திரம் வேலை செய்ய வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியவையாக மீதமிருப்பவை:

உருளை வின்ச் வாங்காததற்குக் காரணத்தைக் குழுவுக்கு எழுதுதல்.

கம்பிக் கயிறுகளுக்கு மசகு போடுதல். பாரம் மிஞ்சினால் தானே முறியும் கைப்பிடியின் பாதுகாப்பு ஊசி உபரியாக நான்கு செய்வித்தல்.

ஓட்டுநருக்கும் புதிய மருத்துவருக்கும் தனித்தனியே பழக்குதல்.

ஓடையின் அகலத்தை நாடாவால் அளத்தல். இரு கரைகளின் மண்ணையும் கையில் எடுத்துப் பார்த்தல்.

ஓடைக்குப் போகும் அன்று உடன் வருகிறாளா என்று என் மனைவியைக் கேட்டல்.