மூன்று கட்சிக்கும் வெள்ளை

தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கீழ் வீடு. தரையோடு தரையாக ஒரு வீடு. எங்கே கொடுத்தாலும் சரி, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

கோலா சாவா தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவில் போகும் மண் ரோட்டின் முடிவில், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லயம் இருக்கிறது. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் இந்த வீட்டுக்குள் அவள் யாரையும் கூப்பிடாமல் நடப்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு, அப்படியே வாசலுக்கு. வாசலில் படி கிடையாது. நான் சிரம்பான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கிறேன். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன். அதுவரைக்கும் அவள் தனி. வெயில் இறங்கியதும் வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள், போகிற வருகிறவர்களோடு பேசுவாள். மாடி வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அது அத்தனையும் நின்றுவிடும். எங்கள் இருவருக்கும் அது தெரியும். ஆனால் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

தோட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் நிலம் ஒதுக்கி வரிசை வீடு கட்டிக்கொடுங்கள் என்று லயத்தில் எல்லாரும் சேர்ந்து கேட்டோம். புதிய முதலாளி கம்பெனி பதிலே சொல்லவில்லை. காலி செய்யச் சொல்லிக் கடிதம் மட்டும் வந்தது. கம்பெனியை அசைக்க வேண்டுமானால் அரசியல்வாதியால்தான் முடியும் என்று பேசிக்கொண்டிருந்தபோது சட்டமன்றத் தேர்தல் வந்தது.

மூன்று பேர் நின்றார்கள். பழைய கட்சி, அதைத் தோற்கடிக்க வந்த புதிய கட்சி, இரண்டும் சரியில்லை என்று வந்த அதைவிடப் புதிய கட்சி. பக்கத்து வீட்டு அக்கா கைத்தொலைபேசியில் ஒரு கருத்துக்கணிப்பைப் படித்துக் காட்டினார். லயத்தில் யாருக்கு என்ன காரியம் என்றாலும் முன்னால் நிற்கிறவர் அவர்தான். எங்கள் தொகுதியில் யாருக்கும் உறுதியான ஆதரவு இல்லையாம். எங்களைப் போன்ற இந்தியர்கள் பழைய கட்சியை விட்டுப் புதிய கட்சிக்குப் போனார்களாம், இப்போது அதிலும் மனம் கசந்து நிற்கிறார்களாம். எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம்தான் வெற்றியாம்.

"பாத்தியா தம்பி, நம்ம ஓட்டுக்கு இவ்ளோ மவுசு," என்றார். "இந்த தடவ வீட்ட வாங்காம விடக்கூடாதுலா."

எனக்குக்கூட ரொம்ப நாள் கழித்து நெஞ்சு லேசாக இருந்தது.

மூன்று கட்சி ஆட்களும் வந்தார்கள். கையில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு வீடு வீடாக, இந்த முறை யாருக்கு என்று கேட்டார்கள். நாங்கள் மூன்று பேரிடமும் "உங்களுக்குத்தான்" என்று சொன்னோம்.

இதை வெளியாட்கள் பொய் என்பார்கள். எங்களுக்கு அது மரியாதை. வீடு தேடி வந்தவரை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, முகத்துக்கு நேராக "உங்களுக்கு இல்லை" என்று எப்படிச் சொல்வது? ரப்பர் பால்மரக் காலத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணியிடம் இல்லை என்று சொன்னவருக்கு அடுத்த நாள் பால் வெட்ட மேட்டு நிரைதான் கிடைக்கும். பால் வற்றிய கிழட்டு மரங்களாகப் பார்த்துக் கொடுப்பார். அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். வாயால் எல்லாருக்கும் ஆமாம் சொல்லிவிட்டு, மனதில் இருப்பதைப் பெட்டியில் போடுவோம். பக்கத்து வீட்டு அக்கா ஒரே நாளில் இரண்டு கட்சிக்குச் சொன்னார். "ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தோம், இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?" என்று காலையில் வந்தவர்களிடம் கேட்டதை மத்தியானம் வந்தவர்களிடமும் எழுத்து மாறாமல் கேட்டார். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். தலையை மட்டும் ஆட்டினேன்.

வந்தவர்கள் சந்தோஷமாகப் போனார்கள். வரிசை வீட்டைப் பற்றிப் பேச வேட்பாளர்கள் நேரில் வருவார்கள் என்று காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. மண் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாமான் குடியிருப்பில்தான் தினமும் கூட்டம். அங்கே ரோட்டுக்குப் புதுத் தார் போட்டார்கள். விளையாட்டுத் திடலுக்கு விளக்கு வந்தது. சாயங்காலம் ஆனால் அந்த வெளிச்சம் எங்கள் வாசலிலிருந்து தெரியும்.

என் மனைவியின் தம்பி சி ரூசாவில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறான். பழைய கட்சியில் கிளைப் பொறுப்பில் இருப்பவன். அக்காவைப் பார்க்க வந்தபோது அவனிடம் கேட்டேன்.

"எங்க பக்கம் ஏன் யாரும் வரல?"

"இங்க எதுக்கு வரணும் மச்சான்? இங்கதான் எல்லாரும் வெள்ளையாச்சே."

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். ஓட்டுப் போடுகிறவர்களைக் கட்சிக்காரர்கள் மூன்று நிறமாகப் பிரிப்பார்களாம். நமக்குத்தான் என்று உறுதியானவர் வெள்ளை. எப்படியும் போடமாட்டார் என்பவர் கறுப்பு. இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பவர் சாம்பல். வேட்பாளரின் நேரமும் செலவும் போவது சாம்பலுக்கு. வெள்ளை எங்கேயும் ஓடிப்போகாது.

"தாமான்காரன் கெட்டிக்காரன். யார் வந்தாலும் முடிவு பண்ணலனு சொல்றான், முறைக்கிறான், கேள்வி கேக்குறான். அவனுக்குத் தார் ரோடு. ஒங்க தோட்டம் என் பாக்கெட்லனு நான் தலைவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒரு பிரச்சினையும் இல்லாத எடம்."

பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "டேய், மத்த ரெண்டு கட்சிக்கும் நாங்க அதேதான்டா சொல்லியிருக்கோம்!"

அவன் முகம் மாறியது. "மூணு பேருக்குமா?"

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வேற என்ன சொல்றது?"

"அப்ப மூணு கட்சி கணக்குலயும் நீங்க வெள்ள. ஒருத்தனும் வரமாட்டான்." தலையில் கை வைத்துக்கொண்டான். என் மனைவி மட்டும் சிரித்தாள். கோணிப்போன வாயோடு அவள் சிரித்து நாளாகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாம்பலாக மாறப் பார்த்தோம். அக்கா கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி, இனிமேல் யார் வந்தாலும் முடிவு பண்ணவில்லை என்று சொல்லவேண்டும் என்றார். சொல்வதற்கு ஆள் வரவேண்டுமே. அக்கா இரண்டு பேரோடு கிளம்பி புதிய கட்சியின் தேர்தல் நடவடிக்கை அறைக்கே போய், எங்களுக்கு உங்கள் மேல் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் சிரித்துவிட்டு, "அக்கா எப்பவும் ஜோக் அடிப்பாங்க" என்று ஒரு பை நிறைய விசிறியும் கொடியும் கொடுத்து அனுப்பினார்களாம். கொடியைக் குப்பையில் போட மனம் வராமல் வேலியில் கட்டினார். அதை யாரோ படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

என் ஓய்வு நாளில் ஒரு அழைப்பு வந்தது. தெரியாத எண். முதலில் மலாயில் பேசியது. பிறகு தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். செய்தி வாசிப்பவர்போல ஒரு பெண் குரல்.

"வணக்கம். இது ஒரு கருத்துக்கணிப்பு. இன்று தேர்தல் நடந்தால் நீங்கள் எந்தக் கட்சியை ஆதரிப்பீர்கள்?"

இன்னும் முடிவு செய்யவில்லை என்பதற்கு நான்கு. நான்கை அழுத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக யாருக்கோ ஆமாம் என்று சொல்லாமல் இருந்தேன்.

"உங்களுக்கு மிக முக்கியமான பிரச்சினை எது? விலைவாசி என்றால் ஒன்று. வேலை வாய்ப்பு என்றால் இரண்டு. ஊழல் என்றால் மூன்று. கல்வி என்றால் நான்கு. மற்றவை என்றால் ஐந்து."

ஐந்தை அழுத்தினேன். மற்றவை என்றால் என்ன என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "வீடும்மா. கீழ் வீடு. என் மனைவிக்குப் பக்கவாதம், படி ஏற முடியாது, நாங்க கோலா சாவா பக்கம், தோட்டத்த வித்துட்டாங்க, லயத்த ஒடைக்கப் போறாங்க..." பேசப் பேச என் குரல் உயர்ந்துகொண்டே போனது. எந்தக் கூட்டத்திலும் நான் அவ்வளவு பேசியதில்லை. அந்தப் பெண் குரல் என் வயதைக் கேட்டது. அதற்கும் எண் வைத்திருந்தார்கள். பிறகு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது. அழைப்பு நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். "யாருகிட்ட அவ்ளோ சத்தமா பேசுறீங்க?"

"யாரும் இல்ல," என்றேன்.

ஓட்டுப்போடும் நாளில் மட்டும் அவளைத் தூக்க ஆள் குறைவே இல்லை. மூன்று கட்சித் தொண்டர்களும் தமிழ்ப்பள்ளி வாசலில் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். "அம்மா எங்க ஆளு," என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்ட, படம் எடுத்தார்கள். அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் யாருக்குப் போட்டேன் என்று அவளும் கேட்கவில்லை.

எங்கள் லயத்து ஓட்டெல்லாம் அந்தப் பள்ளியில் ஒரே வகுப்பறையில் விழும். எண்ணியபோது மூன்று கட்சிக்கும் கிட்டத்தட்ட சமமாக இருந்தது. புதிய கட்சிக்காரர் வென்றார். ஊர் ஊராக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த பழைய கட்சியும் புதிய கட்சியும் பிறகு சேர்ந்து ஆட்சி அமைத்தன. அவர்களால் சேர முடிந்தது. எங்களோடு சேரத்தான் யாரும் இல்லை.

மனைவியின் தம்பி வந்து வாசலிலேயே நின்றான். "என் மூஞ்சில கரியப் பூசிட்டீங்க மச்சான். தோட்டம் என் பாக்கெட்லனு சொன்னவன் நான். இப்ப கூட்டத்துல என்ன பாத்தாலே சிரிக்கிறானுங்க. நான் யாருகிட்ட போயி ஒங்களுக்காகக் கேக்குறது?" அவன் அக்கா உள்ளே வரச் சொன்னாள். அவன் வரவில்லை.

வென்றவரின் சேவை மையத்துக்கு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போனோம். ஒய்.பி., அதாவது சட்டமன்ற உறுப்பினர், இல்லை. கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"அக்கா, நெசத்த சொல்லட்டா? எங்க கணக்குல ஒங்க தோட்டம் முழுக்க எங்க ஆளு. பெட்டியத் தொறந்தா மூணுல ஒரு பங்குதான் இருக்கு."

"தம்பி, ஓட்டு ரகசியம்னு சொல்றீங்களே?"

"ரகசியம்தான். யார் போட்டாங்கனு தெரியாது. எவ்ளோ விழுந்துச்சுனு தெரியுமே."

மற்ற இரண்டு கட்சிகளும் எங்களைப் பற்றி இதையேதான் நினைத்திருக்கும். தேர்தலுக்கு முன் மூன்று பேருக்கும் வெள்ளை. இப்போது மூன்று பேருக்கும் கறுப்பு.

வரிசை வீடு கிடைக்காது என்றும், கம்பெனியோடு பேசி மந்தினில் அரசாங்கத்தின் வாடகை அடுக்குமாடி வீடு ஏற்பாடாகியிருக்கிறது என்றும் அந்த இளைஞர் சொன்னார். எழுந்து வரும்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"தம்பி, கீழ் வீடு ஒன்னு..."

"கீழ எல்லாம் முடிஞ்சிருச்சு அண்ணே. லிஃப்ட் இல்லாத பிளாட். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்."

எங்களுக்கு நான்காவது மாடி வந்தது. போய்ப் பார்த்தேன். வீடு சுத்தமாகத்தான் இருந்தது. சன்னலில் நின்றால் கார் நிறுத்தும் இடமும் குப்பைத் தொட்டிகளும் தெரியும். இறங்கும்போது படிச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தேன். கைப்பிடி, ஏறுகிறவருக்கு இடது பக்கத்தில் மட்டும் இருந்தது. ஏறும்போது அவளுடைய நல்ல கை அதைப் பிடிக்கும். இறங்கும்போது அது விளங்காத கை இருக்கும் பக்கம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனாவது மாடி?"

சொன்னேன்.

நல்ல கையால் மற்ற காலை இழுத்து நேராக வைத்துக்கொண்டாள். பிறகு, "இங்க எங்கயாச்சும் படி இருக்கா?" என்று கேட்டாள்.

லயத்தில் படி கிடையாது. மூடிக் கிடக்கும் பழைய தோட்டத்து ஆபீஸ் முன்னால்தான் சிமெண்டுப் படிகள் இருக்கின்றன. அங்கே கூட்டிப்போகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். வெயில் என்றேன். அவள் ஏற்கனவே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

இப்போது நான் ஓய்வாக இருக்கும் நாளெல்லாம் அங்கே போகிறோம். முதல் படியில் நல்ல காலை வைக்கிறாள். என் தோளைப் பிடித்து மூச்சை இழுத்து உடம்பைத் தூக்குகிறாள். மற்ற கால் கீழேயே நிற்கிறது. நான் குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் படிமேல் வைக்கிறேன். அடுத்த படி. அதோடு அவளுக்கு வேர்த்து வழிந்து, திரும்பி இறங்க முடியாமல், அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். லயத்தின் கடைசி வீடுகளை உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவள் என்னவோ சொல்கிறாள், எனக்குக் கேட்பதில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தால், "இன்னொரு தடவ," என்கிறாள்.