சக்கரத்துக்கு அடியில் போன அவெனியூ

நம் கோழிக்கூட்டுக் கதவில் இருக்கும் வெள்ளைப் பலகையில் ‘அவெ’ என்று மட்டும் ஏன் எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. மீதி எழுத்து கந்தப்பளைப் பக்கத்துச் சேற்றில் கிடக்கிறது. அவெனியூ என்றால் பட்டணத்தில் இரண்டு பக்கமும் மரம் நிற்கும் அகலமான தெரு. ஐந்தாம் வகுப்போடு நின்ற உங்கள் அப்பன் எனக்கே அது விளங்குகிறது. கொழும்புக்குப் போய் வந்த எங்கள் பெரிய கிளாக்கருக்கு மரம் மட்டும்தான் விளங்கியது, அகலம் விளங்கவில்லை.

நாங்கள் அப்போது வேலை செய்த கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், ஆபீசிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் பாதை ஒரு லொறி போகத்தான் காணும். மனுஷன் அதன் இரண்டு ஓரத்தையும் கொத்தி, பாதைக்குள்ளேயே மரக்கன்று நட்டு, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, முகப்பில் இந்தப் பலகையை நிறுத்தினார். அகலத் தெருவின் பேரை வைப்பதற்காக இருந்த பாதையைப் பாதியாக்கிய மேதை!

“இனி லயத்துக்கு லொறி எப்படிங்கய்யா வரும்?” என்று உங்கள் மாமா கேட்டார்.

“அவெனியூல லொறி ஓடாதுடா, மடையா. தொரை பாத்தா எவ்வளவு சந்தோஷப்படுவாரு!”

தோட்டத்தை நடத்தும் துரை வந்து பார்க்கும் முன்பே மழை வந்தது. உங்கள் அம்மாவுக்கு வலி கண்டது, தலைப்பிள்ளை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அவளை ஏற்ற வந்த லொறி மேலே ஏற வழியில்லாமல் பலகையடியில் நின்றுவிட்டது. கிளாக்கர் குடையோடு ஓடி வந்து, “கன்னுல கை வச்சா பேர வெட்டிருவேன்!” என்று கத்தினார்.

“நீங்க பெறகு ஆறுதலா வெட்டுங்க. நாங்க இப்பவே வெட்டுறோம்” என்று மாமா மண்வெட்டியை ஓங்கினார். லயமே இறங்கி வந்தது. கன்றுகள் வேரோடு போயின, கல்லெல்லாம் உருண்டது. ஆனால் கொத்திப் போட்ட மண் சேறாகி, லொறிச் சக்கரத்தை விழுங்கியது. மாமா பலகையைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். அது இரண்டாக உடைந்தது, லொறி ஏறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு திரும்பி வந்தபோது கிளாக்கர் வழியில் நின்றார். தாய் எப்படி, பிள்ளை எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. “போர்டு எங்கடா?” என்றார்.

“ரோட்டுக்கு அடியிலங்க” என்றார் மாமா.

சொன்னபடியே வேலைப் பதிவிலிருந்து எங்கள் பேரை வெட்டினார், லயத்து அறையும் போனது. அதனால்தான் நாம் இன்று உடப்புசல்லாவைப் பக்கம் இருக்கிறோம். மூட்டை முடிச்சோடு இந்தப் பாதிப் பலகையையும் மாமா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு தெருவுக்கு அது உதவியது ஒரே ஒரு தடவைதான், சக்கரத்துக்கு அடியில். கோழிக்கு இரை போட அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடுகிறாளே உங்கள் அக்கா, அன்று பிறந்த பிள்ளை, அவள் வந்த வழி அது.