இரத்தச் சோதனைக்குப் பாடமாக்கியவன்

போன மாதம் நான் ஒரு சோதனைக்குப் பாடமாக்கினேன். இரத்தச் சோதனைக்கு!

சிரிக்காதீர்கள். அறுபது வயதைத் தாண்டிய பிறகும், தன்னுடைய சொந்த இரத்தத்தையே பேய்க்காட்டி ஏமாற்றலாம் என்று நம்பிய ஒருவன்தான் ஒவ்வொரு கிழமையும் வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறான். இது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்... நீங்கள் செய்ததே இல்லையா? டொக்டர் இரத்தம் கொடுக்கச் சொல்லித் துண்டுச் சீட்டுத் தருவார். அன்றைக்கே போய்க் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். துண்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கும். சோற்றைக் குறைப்பீர்கள். பாவற்காய்ச் சாறு குடிப்பீர்கள். ஷொப்பிங் மோலுக்குள் விறுவிறு என்று நடப்பீர்கள். 'இப்ப ரெடி' என்று தோன்றுகிற ஒரு நல்ல நாளில் போய்க் கையை நீட்டுவீர்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு காய முதல் கொத்துரொட்டிக் கடை வாசலில் நிற்பீர்கள்.

நானும் அப்படித்தான். இந்த முறை மட்டும் விஷயம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

என் நண்பன் சிவநேசனின் மகள் அபிராமி. இங்கே கனடாவிலேயே பிறந்தவள். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறாள். நாங்கள் சாப்பிடுகிற சாப்பாடு, குடலில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற கிருமிகள், இரத்தத்தில் ஏறுகிற சீனி – இந்த மூன்றுக்கும் இடையில் என்ன தொடர்பு என்று பார்ப்பது அவளுடைய வேலை. இப்படியான ஆராய்ச்சிகள் எல்லாம் பெரும்பாலும் பாணும் உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறவர்களை வைத்தே நடந்திருக்கின்றனவாம். இடியப்பமும் சொதியும் உள்ளே போனால் என்ன நடக்கிறது? மெலிந்த கை, மெலிந்த கால், முன்னுக்கு மட்டும் ஒரு வண்டி வயிறு... எங்கள் ஆட்களுக்கு ஏன் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இவ்வளவு இளவயதிலேயே வருகிறது?

அவள் அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சீனி சிறுநீரகத்தைத் தின்றுவிட்டதால் சிவநேசன் இப்போது டயாலிசிஸ் கதிரையில் சாய்ந்திருந்துதான் இந்தப் பத்தியை வாசிக்கிறான். ('இந்தக் கிழமை சரியில்லை' என்று அங்கிருந்தே செய்தியும் அனுப்புவான்.) அபிராமி அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

"அங்கிள், எனக்குத் தமிழ் வொலன்ரியேர்ஸ் வேணும். உங்களுக்குக் கன ஆக்களைத் தெரியும்தானே?"

தெரியாமல்? எங்கள் நடைக் குழு ஒன்று இருக்கிறது. காலையில் கடைகள் திறக்க முதல் மோலுக்குள் நடப்போம். பனிக்காலத்தில் வேறு எங்கே நடக்கிறது? நடப்பதைவிடக் கதைப்பது கூட. முழுக் குழுவையும் சேர்த்துவிட்டேன். நசீர் நானாதான் முதல் ஆள். (நானா என்றால் அண்ணன்.) மோர்னிங்சைட்டில் கலியாணங்களுக்குச் சமையல் ஓடர் எடுப்பவர். அவருடைய பிரியாணிக்காகவே கலியாணத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அதில் நானும் ஒருவன்.

அபிராமி எங்கள் கையின் மேற்பகுதியில் ஆளுக்கொரு சென்சர் ஒட்டினாள். இரண்டு டொலர் டூனி நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். இரத்தத்தில் சீனி ஏறுவதும் இறங்குவதும் ஃபோனில் ஒரு கோடாக வரும். தொடக்கத்தில் கொஞ்சம் இரத்தம் எடுத்தாள். முடிவில் இன்னொரு மாதிரியும் கொடுக்க வேண்டும். எதன் மாதிரி என்று நான் விபரிக்கப் போவதில்லை... நீங்கள் காலைக் கோப்பியோடு வாசிக்கிறவர்கள்.

"ரெண்டு கிழமைக்கு நீங்கள் நோர்மலா சாப்பிடுங்கோ. ஒண்டையும் மாத்தாதேங்கோ. தட்ஸ் த ஹோல் பொயின்ற், அங்கிள்."

"ஓம் பிள்ளை, ஓம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

அடுத்த நாள் காலை என் வீட்டில் சீனிக்கு நல்லதென்று குரக்கன் பிட்டு!

"பிள்ளை நோர்மலா எல்லோ சாப்பிடச் சொன்னது?" என்றா மனைவி.

"இதுதான் இனி என்ர நோர்மல்."

"எப்ப தொடக்கம்?"

நான் ஃபோனில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு இருக்கிறதே, அது ஒரு மாயம். பங்குச் சந்தையில் காசு போட்டவன் மாதிரி நிமிடத்துக்கொரு தடவை பார்த்தேன். கொஞ்சம் ஏறினால் எழுந்து படி ஏறி இறங்கினேன். மோலில் 'குட் மோர்னிங்' போய், "உங்கட எவ்வளவு?" வந்துவிட்டது.

"எனக்கு ஆறு" என்றேன். (கனடாக் கணக்கில் ஏழுக்குக் கீழே நின்றால் நல்ல பிள்ளை.)

"எனக்கு அஞ்சரை" என்றார் நசீர் நானா. "நேற்று அஜக்ஸில கலியாண ஓடர். ரெண்டு கிடாரம் பிரியாணி நான்தான் சமைச்சனான். ஒரு வாய் வைக்கேல்லை. ஒரு மூலையில நிண்டு வெள்ளரிக்காய் கடிச்சனான். மாப்பிள்ளையின்ர தகப்பன் வந்து, 'என்ன நானா, சாப்பாட்டில ஏதும் பிழையோ?' எண்டு பயந்துபோய்க் கேட்டவர்."

நாங்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள். நல்ல பிள்ளைகளாகவே நடந்தோம். இரண்டு கிழமைக்கு மட்டும்.

பிறகொரு ஞாயிறு மத்தியானம் அபிராமி வீட்டுக்கு வந்தாள். என் மச்சான் ரவியும் மிசிசாகாவில் இருந்து சாப்பிட வந்திருந்தான். பிள்ளையின் முகம் சரியில்லை. ஜக்கெற்றைக் கழற்றவும் இல்லை.

"அங்கிள், நீங்கள் எல்லாரும் என்ன செய்தனீங்கள்?"

"ஏன் பிள்ளை? எங்கட கோடெல்லாம் வடிவா இருக்குமே?"

"அதுதான் பிரச்சினை. டூ மச் வடிவு!"

அவள் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். (இரசாயனத்தில் நான் எடுத்த மார்க்ஸை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது.) இரத்தத்தில் சீனி கூடினால் அது சிவப்பு அணுவுக்குள் இருக்கிற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒட்டினதுதான். அந்த அணு சாகும்வரை கழலாது. அணுவின் ஆயுளோ மூன்று மாதத்துக்குக் கிட்ட. ஆகவே, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த மூன்று மாதமும் நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள் என்று தெரிந்துவிடும். இரண்டு கிழமைப் பாவற்காய் அதற்குக் காணாது.

"சென்சரைப் பார்த்தா இந்தக் குழுவில ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. முதல் நாள் எடுத்த பிளட் வேற கதை சொல்லுது. ரெண்டும் ஒரே ஆக்களின்ர மாதிரியே இல்லை."

"ஆருக்குக் கூட, பிள்ளை?" சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது, அங்கிள். பெயர் இல்லை, கோட் நம்பர் மட்டும்தான். ஸ்ரடி முடிஞ்சாப் பிறகுதான் ஆர் ஆரெண்டு திறப்பினம்." கதிரை நுனியில் உட்கார்ந்தாள். "எங்கட லாப் பேராசிரியர் சொல்லீற்றார், உந்த டேற்றாவை நம்பேலாது, தமிழ் குறூப்பை எடுத்துவிடலாம் எண்டு. நான் கெஞ்சி இன்னும் ரெண்டு கிழமை வாங்கியிருக்கிறன். இதுவும் பிழைச்சா எங்கட ஆக்கள் இல்லாமலே ஸ்ரடி போகும். பிறகு நான் இதை ஏன் செய்யிறன்?"

நான் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தா. சிவநேசனின் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

அப்போது ரவி சிரித்தான்.

ரவியின் தொழிலையும் சொல்ல வேண்டும். மின்சாரக் கட்டமைப்பின் பாதுகாப்பில் வேலை. அதாவது, தன் கம்பனிக்குள் தானே கள்ளன் மாதிரிப் புகுந்து பார்ப்பான். கொம்பியூட்டரால் புகுவான், கதவாலும் புகுவான். எங்கே ஓட்டை என்று சொல்வதற்குச் சம்பளம். எந்தக் கம்பனி என்று என்னிடம் சொல்ல மாட்டான். பத்தியில் வந்துவிடும் என்று பயம்.

"அத்தான், இது எங்கட கதைதான். முந்தி நாங்கள் சொல்லிப்போட்டுத்தான் ரெஸ்ற் செய்யப் போறனாங்கள். திங்கட்கிழமை வாறம் எண்டு ஈமெயில் போகும். போய்ப் பாத்தா எல்லாம் பளபளப்பு! பாஸ்வேர்ட் எல்லாம் புதுசு, கதவெல்லாம் பூட்டு, காவலுக்கு நிக்கிறவர் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறார். ஃபுல் மார்க்ஸ். ஒருநாள் சொல்லாமல் போனம். பின்கதவு கல்லு வைச்சுத் திறந்து கிடக்கு."

"கல்லோ? ஏன்?"

"சிகரெட் பத்தப் போறவை திரும்பி வரவேணுமெல்லே! கார்ட் போட்டுத் திறக்கப் பஞ்சி, சோம்பேறிகள். அதால ஆரும் உள்ளுக்கை போய் சுவிச்சைத் தட்டியிருந்தா, நீங்கள் இஞ்ச ஸ்காபரோவில மெழுகுதிரியோட இருந்திருப்பியள்."

"பிறகு?"

"பிறகென்ன? இப்ப சொல்லாமல்தான் போறனாங்கள். ரெஸ்ற்றில ஃபெயிலான இடத்துக்கு எனக்குப் பயமில்லை, அத்தான். திருத்திப்போடலாம். பாஸாக்கிக் காட்டின இடம்தான் பயம்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நகரத்தின் பின்கதவில் கல்லு. என் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் துண்டு. பெரிய வித்தியாசம் இருக்கிறதா, என்ன?

அடுத்த நாள் மோலில் எல்லோரையும் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். "சோறு சாப்பிடலாம், றோல்ஸ் சாப்பிடலாம், எல்லாம் சாப்பிடலாம். வழக்கமா சாப்பிடுறதை எல்லாம் சாப்பிடத்தான் வேணும்!"

ஒருவரும் கைதட்டவில்லை. நசீர் நானா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, நான் உண்மையாச் சாப்பிட்டா அந்தக் கோடு கூரையைப் பிச்சுக்கொண்டு போகும். மகள் ஃபோனில பாத்தா கிடாரத்தை வித்துப்போடச் சொல்லுவா. சமைக்காமல் நான் வீட்டில இருந்து என்ன செய்யிறது?"

அப்போதுதான் விளங்கியது. நாங்கள் சோதனைக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. வருகிற பதிலுக்குப் பிறகு வீட்டில் நடக்கப் போகிற கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள். சோறு கோப்பையில் பாதியாகும். கலியாண வீட்டில் கேக் துண்டு எங்கள் தலைக்கு மேலால் பறக்கும். பிள்ளைகள் எங்களைப் பற்றி எங்களுக்கு முன்னாலேயே ஆங்கிலத்தில் கதைப்பார்கள்.

"சிவநேசனும் இப்பிடித்தான் நானா, சீனியை ஒளிச்சவன்" என்றேன்.

நானா மூடியிருந்த கடைக் கதவொன்றில் சாய்ந்தார். "சரி" என்றார். "வெள்ளிக்கிழமை பிரியாணி கொண்டுவாறன். எல்லாருக்கும்."

இரண்டாவது இரண்டு கிழமையைப் பற்றி என்ன சொல்ல? என் கோடு மலை ஏறியது. பள்ளத்தில் விழுந்தது. மறுபடி ஏறியது. நசீர் நானாவின் பிரியாணி வந்த அன்றைக்கு எல்லாருடைய ஃபோன்களும் 'சீனி கூடிவிட்டது' என்று ஒரே நேரத்தில் கத்தின. மோலில் காவலுக்கு நின்றவர் தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடி வந்தார்.

வீட்டில்தான் சங்கடம். சோற்றுக்கு ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. மனைவி என் ஃபோனைக் கையில் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டா.

"இஞ்சருங்கோ, பின்னேரம் நாலு மணிக்கு ஒவ்வொரு நாளும் இது ஏன் ஏறுது?"

"லைப்ரரிக்கு நடந்து போறன்... அந்தக் களைப்பு."

"நடந்தா இறங்கும் எண்டுதானே பிள்ளை சொன்னது?"

நான் ஃபோனை வாங்கக் கையை நீட்டினேன்.

"லைப்ரரியில மாலு பணிஸும் விக்கிறாங்களோ?"

லைப்ரரிக்குப் பக்கத்தில் மீன் அடைத்த மாலு பணிஸ் விற்கிற ஒரு பேக்கரி இருப்பது அவவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. தேத்தண்ணிக்குச் சீனி இரண்டு கரண்டி என்பதும் அன்றைக்கே வெளியே வந்தது. பல வருஷமாக ஒரு துப்பறிவாளரும் கண்டுபிடிக்காததை ஒரு பிளாஸ்ரிக் வட்டம் பிடித்துக் கொடுத்துவிட்டது.

போன செவ்வாய் அபிராமி ஃபோன் எடுத்தாள். குரலே துள்ளியது. "அங்கிள், ஓகே! வீ ஆர் இன்! பேராசிரியர் எங்கட குறூப்பை வைச்சிருக்கிறார். இந்த முறை சென்சரும் பிளட்டும் ஒரே கதை சொல்லுது. அப்பாவிட்ட இப்பதான் சொன்னனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"சிரிச்சவர்."

ஃபோனை வைத்த பிறகு நான் அறையை இரண்டு தரம் சுற்றி வந்தேன். ஆராய்ச்சி உலகத்துக்கு என்னுடைய பங்களிப்பு! சாப்பிட்டே விஞ்ஞானத்துக்கு உதவியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நேற்றுக் காலை கோட் நம்பர்கள் திறக்கப்பட்டன என்று கேள்விப்பட்டதும் பிள்ளைக்கு ஒரு நீண்ட செய்தி எழுதினேன். என் கோடு மற்றவர்களுடையதைவிடச் சுவாரசியமாக இருந்திருக்கும் என்று நம்புவதாகவும், கட்டுரை வரும் சஞ்சிகையின் அட்டையில் போட விரும்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றும், அடுத்த ஆராய்ச்சிக்கும் நான் தயார் என்றும், அது கொத்துரொட்டி பற்றியதாக இருந்தால் இன்னும் நல்லது என்றும். கடைசியில் இரண்டு சிரிப்பு முகங்கள்.

வழக்கமாக மூன்று இதயமும் ஒரு கைகூப்பலும் அனுப்புகிற பிள்ளை. இந்த முறை ஒரு வரிதான் வந்தது.

"அங்கிள், டொக்டரிட்டப் போங்கோ, இண்டைக்கே."