பதினான்கு மீட்டர் ஆழத்தில் ஒரு களவா

காலை 4.50. ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, இருபது ரூபாய் கொடுத்து, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கினேன். ஐம்பத்தொரு வயதில், மூட்டு வலியோடு, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலில் குதி என்று என்னிடம் யார் அழுதார்கள்? அந்தமானில் இரண்டு முறை குதித்திருக்கிறேன். நம்ம ஊர்க் கடலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்ற வீம்புதான். ஏலக் கூச்சலுக்கும் டீசல் நாற்றத்துக்கும் நடுவே பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அந்த வீம்பும் பாதி இறங்கிவிட்டது.

முக்குளிப்புப் பயிற்சியாளர் ஜோதி ஃபைபர் படகில் உருளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். படகுக்காரர் சூசை. என்னைவிட மூன்று வயது மூத்தவர், வெறுங்கால். வாடகை வேண்டாம், டீசல் போட்டால் போதும் என்று ஜோதியிடம் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, அவர் காட்டும் இடத்தில்தான் இறங்க வேண்டும்.

5.30. படகு கிளம்பியதும் காரணத்தைச் சொன்னார். கடலடியில் மீன் குடியிருக்கும் பாறைத் திட்டை மீனவர்கள் 'பார்' என்பார்கள்.

"முப்பது வருசமா ஒரே பாருல தூண்டி போட்டுகினு கீறேன் சார். ரெண்டு வருசமா ஒண்ணும் கடிக்கல. சேறு ஏறிடுச்சின்றானுங்க. மேல குந்திகினு நான் இன்னாத்தக் கண்டேன்? நீ கீழ போயி பாரு. மீனு கீதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் காவலாளி வேலைக்கு அவருடைய மச்சான் சொல்லி வைத்திருக்கிறார். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கறுப்பு ஷூ கட்டாயமாம்.

"பொறந்ததுலேர்ந்து ஷூ போட்டதில்ல சார்" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் விரிந்திருந்தன.

"மீன் இருந்தா?"

"இருந்தா நான் இன்னாத்துக்கு அங்க போறேன்?"

வேடிக்கை பார்க்க வந்தவனிடம் ஒரு மனிதர் தன் பிழைப்பையே கொடுத்து, பார்த்துச் சொல் என்கிறார்.

6.25. கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். எண்ணூர்ப் பக்கம் தெரிந்த இரண்டு புகைபோக்கிகள் மெல்ல நெருங்கி, ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்து ஒரே புகைபோக்கியாகத் தெரிந்தன. தெற்கே துறைமுகத்துக் கிரேனை ஒருமுறை பார்த்துவிட்டு, சூசை நங்கூரத்தைப் போட்டார். அவருக்கு வேறு வரைபடம் கிடையாது.

6.50. இறங்கினோம். அந்தமானில் நீலம், இங்கே ஆறிப்போன டீயின் நிறம். கையை நீட்டினால் விரல் நுனி மங்கல். பதினான்கு மீட்டரில் பார் தட்டுப்பட்டது. முக்கால்வாசி சேற்றுக்குள் கிடந்தது. மேடான பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதில் ஒரு வலைத்துண்டும் சில கடல்முள்ளிகளும். விரல் நீளப் பொடிமீன்கள் நாலைந்து ஓடின. ஒரு பக்கமாகத் துழாவிக்கொண்டே போனோம். எனக்கு அலுத்துவிட்டது.

அப்போது பாறை இடுக்கு அசைந்தது. வெளியே வந்தது ஒரு களவா மீன். என் இடுப்பளவு நீளம், உடம்பெல்லாம் மங்கிய புள்ளிகள். ஓடவில்லை. நேராக வந்து, முகக்கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது. பயந்துபோனேன். அதன் கீழுதட்டில் ஓர் எவர்சில்வர் தூண்டில் முள் தொங்கியது. முள்ளின் கழுத்தில் பச்சை பூத்த செம்புக் கம்பி சுற்றியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பயம் போய், ஏனோ அழுகை வந்தது. கண்ணாடிக்குள் அழுவது சௌகரியமான காரியமில்லை.

அரை மணி நேரம் பாரைச் சுற்றினோம். வேறு பெரிய மீன் ஒன்றுகூட இல்லை.

மேலே வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றாக வேண்டும் என்பது முக்குளிப்பவர்களின் விதி. நிறைய மீன் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? சொன்னால் கடலிலேயே இருப்பார். எதைப் பிடிப்பார்? அந்த மூன்று நிமிடமும் இதே யோசனைதான்.

7.35. படகில் ஏறியதும் சூசை கேட்டார். "கீதா?"

"ஒரு களவா இருக்கு அண்ணே. உதட்டுல முள்ளு. முள்ளுல செம்புக் கம்பி சுத்தியிருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "அது என் முள்ளு சார்! பழைய ஃபேன் மோட்டார்ல உரிச்ச கம்பி. இந்தக் காசிமேட்டுல நான் ஒருத்தன்தான் அதைச் சுத்துவேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி அறுத்துகினு ஓடிச்சே, அதுதான்! இன்னும் உசுரோட கீதா?"

ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேற?" என்றார் சூசை.

"வேற இல்லண்ணே."

"பொடிசு?"

"நாலைஞ்சு. அவ்வளவுதான்."

நாங்கள் கீழே இருக்கும்போது சூசை படகின் மறுபக்கம் ஒரு தூண்டில் விட்டிருந்தார். அதைச் சுருட்டி, இரையைக் கழற்றிக் கடலில் எறிந்தார்.

"அது இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு இஞ்சினைக் கிளப்பினார்.

8.45. கரையில் மச்சானுக்குப் போன் போட்டுச் சரி என்று சொன்னார். பிறகு என் தோள்பைக்குப் பக்கத்தில் கிடந்த என் கறுப்பு ஷூவைக் குனிந்து பார்த்தார். இங்கிருந்து நேரே ஆபீஸ் போகலாம் என்று போட்டு வந்தது; தாம்பரத்தில் இருந்து ஆபீசுக்கு இருபத்தாறு வருடமாகப் போட்டுக்கொண்டு போகும் வகை. சாயங்காலம் அதைக் கழற்றும்போது வரும் நிம்மதி வேறு எதிலும் வந்ததில்லை.

"சார், இது போட்டா கால் எத்தினி நாள்ல பழகும்?"

"ஒரு வாரத்துல பழகிடும் அண்ணே" என்றேன். அன்று அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.