ஒரியே டீச்சரின் முறை

ஒரியே டீச்சரை எங்கள் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் எல்லாரும் தங்கம் என்பார்கள். எனக்கு அவளைப் பார்த்தாலே எரிச்சல் வரும். சமையல்காரி யாசுயோ, அதாவது எனக்கு, வாய் நீளம் என்று ஏற்கெனவே பெயர், அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தன் கல்யாணத்துக்கு லீவு போட்டவள், திரும்பி வந்த அன்று ஒவ்வொருவர் மேசையாகப் போய், தான் இல்லாமல் எல்லாருக்கும் சிரமம் கொடுத்துவிட்டதாகக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். ஏதோ கொலைக்குற்றம் செய்துவிட்டு ஜாமீனில் வந்தவள் போல. அப்படிக் கும்பிடு போடுகிறவளைத் தங்கம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

காப்பகம் இருப்பது நகோயாவிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில். சுற்றிலும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள். ஒரியேயின் புருஷனுக்கும் அதில் ஒன்றில்தான் வேலை. வாய் திறக்காத மனிதன். பொருத்தம் பார்த்துத்தான் சேர்ந்திருக்கிறார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. டீச்சர்களில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பிள்ளை உண்டாகக் கூடாது. மூத்தவள் முதலில். அவள் பெற்று, லீவு முடிந்து வந்த பிறகு அடுத்தவள். பதில் ஆள் கிடைக்காது, மற்றவர்கள் தலையில்தான் வேலை விழும் என்பது சாக்கு. முறை யாருக்கு என்பதைப் பெரிய டீச்சர் தத்சுமி மனத்தில் வைத்திருப்பாள். முறை வந்தவளிடம் டீ குடிக்கும்போது, "இனி நீங்க பெத்துக்கலாம்" என்பாள், கழிப்பறை காலியாகிவிட்டது என்று சொல்வதைப் போல.

நாட்டில் பிள்ளைகளே இல்லை, எல்லாம் அழியப் போகிறது என்று தினமும் டிவியில் யாராவது ஒப்பாரி வைக்கிறார்கள். பிள்ளை பெறச் சொல்லும் நகராட்சிச் சுவரொட்டி எங்கள் வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்துதான் இவர்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். எங்கள் பணிவைப் புகழ்ந்து வெளிநாட்டுக்காரர்கள் புத்தகம் எழுதுகிறார்களாம். ஒருநாள் என் சமையலறையில் வந்து உட்காரட்டும்.

ஒரியேவுக்கு முன்னால் இருந்தவள் இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்துப் பெற்றாள். மூத்தவள் என்பதால் யாரும் கேட்கவில்லை. ஒரியேயின் முறை வந்தபோது அவளுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. முறை வந்த பிறகும் பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினாள். அதையும் வேலைக்கு இடைஞ்சல் வராமல் சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்து ஊரார் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிச் சுமந்தாள்.

ஒருநாள் எனக்குப் பூசணிக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த வருஷந்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு, யாசுயோ சான். இதைத் தாண்டினா முயற்சி பண்றதுல அர்த்தமில்லையாம்." சொல்லிவிட்டு, வேலை நேரத்தில் சொந்தக் கதை பேசியதற்கு என்னிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மிஹோ உண்டானாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், எல்லாரிலும் சின்னவள். திட்டம் போட்டு நடந்ததில்லை. புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து முறையாக மன்னிப்புக் கேட்கும்படி தத்சுமி சொல்லியனுப்பினாள். அந்தப் பையன் டயர் கடையில் வேலை செய்கிறவன். இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு, இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றான். டீச்சர்கள் எல்லாரும் அறையில் இருந்தார்கள். நான் டீத்தட்டோடு உள்ளே போனேன்.

புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பு வரை குனிந்தார்கள். தத்சுமி பெட்டியைத் தொடவில்லை.

"எங்கிட்ட எதுக்கு? யாரோட முறையைப் பிடுங்கினீங்களோ, அவங்ககிட்ட கேளுங்க."

இருவரும் ஒரியே பக்கம் திரும்பிக் குனிந்தார்கள். ஒரியே எழுந்து அவர்களைவிடத் தாழ்வாகக் குனிந்து, தன் முறையைச் சீக்கிரம் முடிக்காமல் இழுத்தடித்தது தன் தப்புதான் என்றாள். பிள்ளை பெறப் போகிறவள் ஒரு பக்கம், பெற முடியாதவள் ஒரு பக்கம், இரண்டு தலையும் தரையைப் பார்த்தபடி. நடுவில் தத்சுமி பெரிய மனத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேர் ஒன்றாக லீவில் போனால் காப்பகம் தாங்காது என்று தத்சுமி ஆரம்பித்தாள். "ஒரியே டீச்சர் ஒரு வருஷம் பொறுத்துக்குவாங்க, இல்லையா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னால் போதும். ஒரியே சிரித்த முகத்தோடு, "பரவாயில்லைங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன பரவாயில்லை? இந்த வருஷம் விட்டா அவங்களுக்குப் பிள்ளையே கிடையாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவங்க வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

ஒரியேயின் முகம் சிவந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தத்சுமியைப் பார்த்துக் குனிந்து, "தேவையில்லாத விஷயத்தை எல்லாரையும் கேக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாள்.

டீ ஆறிவிட்டது, வேறு போட்டுக்கொண்டு வாருங்கள் என்று தத்சுமி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

ஒரியே வைத்தியத்தை நிறுத்திவிட்டாள். யாருக்காக இந்தக் கூத்து என்று ஒருநாள் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். "பரவாயில்லைன்னு நான் சொன்னப்ப எல்லாரும் இருந்தாங்களே" என்றாள். ஒரு பிள்ளையின் எடை இவ்வளவுதான் போலிருக்கிறது. மிஹோ பெண் குழந்தை பெற்றாள், இந்தப் பக்கமே திரும்பவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்துவிட்டாளாம். இவர்களில் புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த ஏப்ரலில் காலைக் கூட்டத்தில் தத்சுமி அறிவித்தாள்: இந்த வருஷம் ஒரியே டீச்சரின் முறை, நாமெல்லாம் அவருக்குத் துணையாக இருப்போம். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரியே மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய், இனி வாய்ப்பில்லை என்று கேட்டுவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இப்போதாவது சொல்வாள் என்று கதவோரம் நின்றேன். அவள் எழுந்து குனிந்து, தன்னால் முடிந்தவரை முயற்சி செய்வதாகச் சொல்லி உட்கார்ந்தாள்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவள் முறையில் இருக்கிறவரை பின்னால் உள்ளவர்கள் யாரும் பெற முடியாது, பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். பழி வாங்க முதுகெலும்பு வேண்டும். இவள் சொன்னால் கை தட்டியவர்களுக்குத் தர்மசங்கடமாகிவிடும், அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தவள் ஹோசுமி. அவளுக்கும் வயது ஏறுகிறது. உப்பு இருக்கிறதா, தட்டு இருக்கிறதா என்று சாக்குச் சொல்லிச் சமையலறைக்கு வந்து, ஒரியே டீச்சருக்கு ஏதாவது விசேஷமா என்று விசாரிப்பாள். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அது நடக்காதும்மா. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. நீ பெத்துக்க."

ஹோசுமி வெளுத்துப்போனாள். "அவங்களே சொல்லாம, எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி நாங்க எப்படி நடந்துக்க முடியும்?" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு கோயிலுக்குப் போய், பிள்ளை வரத்துக்கான தாயத்து ஒன்று வாங்கி வந்தாள். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் ஒரியேயிடம் நீட்டி, "உங்களுக்குச் சீக்கிரம் நல்லது நடக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் வேண்டிக்கிட்டோம்" என்றாள். ஒரியே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, எல்லாருக்கும் தெரியும்படி பையில் கட்டிக்கொண்டாள்.