பின்வீடும் சேர்த்து

கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். நானும் பிள்ளைகளும் அங்கே போவதற்காக, திண்டுக்கல்லில் எங்கள் முன்வீட்டை விற்க எட்டு மாதம் அலைந்தேன். ஒன்றும் அமையவில்லை. கிளம்பப் பத்து நாள் இருக்கையில் தரகர் சொன்னார்: "எதுக்கு டீச்சர் பதறுறீங்க? எனக்குப் பவர் எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க. நான் வித்துத் தாரேன்."

அலுத்துப்போய்ச் சரி என்றேன்.

பதிவு அலுவலகத்தில் அன்று சர்வர் வேலை செய்யவில்லை. "செத்த நேரம் உக்காருங்க" என்றார்கள். பொழுது போகாமல்தான், தரகர் அடித்துக் கொண்டுவந்திருந்த பவர் பத்திரத்தைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அப்பா மொத்த இடத்தையும் என் பெயரில்தான் எழுதியிருந்தார். அம்மா குடியிருக்கும் பின்வீட்டையும் சேர்த்து, விற்கவும் அடமானம் வைக்கவும் தரகருக்கு அதிகாரம் என்று அடித்திருந்தது. அந்நேரம் அம்மா, நான் கொண்டுபோக ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"வழக்கமா அடிக்கிறதுதான் டீச்சர். கூப்புடுறாங்க, வாங்க."

உள்ளே என் பெயரைச் சொன்னார்கள். நான் எழுந்து, பத்திரத்தோடு வாசல் பக்கம் நடந்தேன். வீடு சேரும்வரை திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். ஐந்து மாதம் கழித்து, முன்வீட்டை மட்டும் நானே நின்று விற்றேன். இப்போது எந்தத் தாளையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

துபாயிலிருந்து தினமும் போன் செய்கிறேன். "எங்கம்மா இருக்க?" என்பேன்.

"எங்க இருப்பேன், வீட்லதான்" என்று எரிந்து விழுவார்.

அதைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.